சிகாகோவில் ஹன்னா சாலமனைத் தேடி

சிகாகோ என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 1893 செப்டம்பர் 11. சர்வமத மகாசபையில் விவேகானந்தர் எழுந்து பேசிய நாள். சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாக ஏறி இறங்கிப் பணம் திரட்டி அந்தப் பயணத்துக்கு வழிசெய்ததைச் சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மகாசபை நடந்த கட்டடம் இன்றும் இருக்கிறது. மிச்சிகன் அவென்யூவில், ஏரிப் பக்கம் முதுகைக் காட்டியபடி, ஆர்ட் இன்ஸ்டிடியூட் என்ற பெயரில்.

நான் அங்கே போனது வேறொருவருக்காக. அதே கட்டடத்தில், விவேகானந்தர் பேசுவதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், செப்டம்பர் 4-ஆம் தேதி இன்னொரு மாநாடு தொடங்கி நான்கு நாள் நடந்தது. அமெரிக்க யூதப் பெண்கள் நாடு தழுவிய அளவில் தாங்களே கூட்டிய முதல் மாநாடு அது. கூட்டியவர் ஹன்னா கிரீன்பாம் சாலமன். அப்போது அவருக்கு வயது 35. மூன்று குழந்தைகளின் தாய். கல்லூரிப் பட்டமோ பதவியோ கிடையாது. ஒரு மகளிர் மன்றத்தின் உறுப்பினர், அவ்வளவுதான். மாதர் சங்கங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே அவர் பெயர் அடிக்கடி என் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. அவர் நடந்த தெருக்களில் நடந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை அப்படித்தான் வந்தது.

அக்டோபர் மாதம். ஏரியிலிருந்து வீசும் காற்றில் காது மடல் மரத்துப்போகிறது. ஆர்ட் இன்ஸ்டிடியூட்டின் வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் நிற்கின்றன. 1894-இல்தான் அவற்றை அங்கே நிறுத்தினார்கள். ஆகவே விவேகானந்தரும் ஹன்னாவும் பார்த்தது சிங்கங்கள் இல்லாத வாசலை. மகாசபைக்காகத் தற்காலிகமாக எழுப்பிய பெரிய மண்டபங்கள் இப்போது இல்லை. உள்ளே ஃபுல்லர்டன் அரங்கில் விவேகானந்தரின் நினைவாக ஒரு பலகை இருக்கிறது. வெளியே அந்தச் சாலைக்கே அவர் பெயரைச் சூட்டி, சிகாகோ மாநகராட்சிக்கே உரிய பழுப்பு நிறப் பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். நம் ஊர்க்காரர்கள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஹன்னா சாலமனின் பெயரை நான் அங்கே எங்கும் காணவில்லை.

அந்த மாநாடு எப்படி நடந்தது என்பதைச் சொல்ல, நகரத்தின் தெற்குப் பக்கம் இருக்கும் ஜாக்சன் பூங்காவுக்குப் போக வேண்டும். கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த 400-ஆம் ஆண்டைக் கொண்டாடுவதற்காக 1893 மே முதல் அக்டோபர் வரை அங்கே உலகக் கண்காட்சி நடந்தது. இன்று நாம் ஏறிச் சுற்றும் ராட்சத ராட்டினத்தின் முதல் வடிவம் அந்தக் கண்காட்சியில்தான் சுழன்றது. பெண்களின் கைவேலைக்கும் கலைக்கும் என்று அங்கே ஒரு தனிக் கட்டடமே இருந்தது. அதை வடிவமைத்த சோஃபியா ஹேடனுக்கு அந்த வேலை கிடைத்தபோது இருபத்துச் சொச்சம் வயது. நான் போனபோது அந்த இடத்தில் புல்வெளியும் நடைபாதையும் மட்டுமே இருந்தன. கண்காட்சியின் பெரிய கட்டடங்களில் அங்கே மிஞ்சியது ஒன்றுதான். அது இப்போது அறிவியல் அருங்காட்சியகம்.

கண்காட்சியின் மகளிர் குழுவுக்கு பெர்த்தா பாமர் என்ற செல்வச் சீமாட்டி தலைவி. அவருடன் பணியாற்றிய எல்லன் ஹென்ரோட்டின், யூதப் பெண்களைத் திரட்டும் பொறுப்பை ஹன்னாவிடம் கொடுத்தார். அன்றைக்கு அமெரிக்காவின் யூதப் பெண்கள் அனைவரையும் இணைக்கும் அமைப்பு ஏதும் இல்லை. யார் எந்த ஊரில் இருக்கிறார், யாருக்குப் பேசவும் எழுதவும் வரும் என்று தெரிந்துகொள்ள ஒரு முகவரிப் பட்டியல்கூடக் கிடையாது. ஹன்னா பெரிய நகரங்களின் யூத மதகுருக்களான ராபிகளுக்குக் கடிதம் எழுதினார். உங்கள் ஊரில் ஆற்றல் உள்ள பெண்கள் யார் யார், பெயர் அனுப்புங்கள் என்று கேட்டார். பெயர்கள் வந்ததும் அந்தப் பெண்களுக்கு எழுதினார். எல்லாம் கையெழுத்தில்.

இந்த நேரத்தில்தான் யூத சமூகத்து ஆண்கள் தங்கள் மாநாட்டுக்கான ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். பெண்கள் தனியாக நடத்துவானேன், எங்களோடு சேர்ந்துவிடுங்கள் என்று அழைப்பு வந்தது. ஹன்னா சில பெண்களுடன் அந்தக் கமிட்டிக் கூட்டத்துக்குப் போனார். சேரத் தயார், ஆனால் நிகழ்ச்சி நிரலில் பெண்களுக்கு எந்த இடம் என்று கேட்டார். கமிட்டி தனியே போய்க் கலந்து பேசித் திரும்பியது. வாசித்த நிரலில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. வந்தவர்களை உபசரிக்கும் பொறுப்புதான் பெண்களுக்கு என்பது தெளிவாகத் தெரிந்தது. ஹன்னா எழுந்தார். இந்த நிலையில் நாங்கள் ஒத்துழைக்க விரும்பவில்லை என்றார். அதோடு நிற்காமல் ஒரு கோரிக்கையும் வைத்தார்: நாங்கள் இந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தோம் என்பதையே உங்கள் நடவடிக்கைக் குறிப்பிலிருந்து நீக்கிவிடுங்கள்.

இந்தக் கோரிக்கை எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. கோபித்துக்கொண்டு வெளியேறுவது எளிது. வெளியேறிய பிறகும் அவர்கள் நோட்டில் 'மகளிர் பிரதிநிதிகள் கலந்துகொண்டனர்' என்று ஒரு வரி இருந்தால், பெண்களின் சம்மதத்தோடு எல்லாம் நடந்ததாகவே நாளைக்குப் படிப்பவர் நினைப்பார். நடவடிக்கைக் குறிப்பை யார் எழுதுகிறாரோ அவர் கையில்தான் வரலாறு இருக்கிறது என்பது ஹன்னாவுக்குத் தெரிந்திருந்தது. மன்றத்தில் பதினைந்து ஆண்டுக்கு மேல் உட்கார்ந்து கற்ற பாடம் அது.

பெண்கள் தங்கள் மாநாட்டைத் தாங்களே நடத்தினார்கள். ஹென்ரியட்டா ஸோல்ட், மேரி கோஹன், மேற்குக் கரையிலிருந்து வந்த ரே ஃபிராங்க் போன்றோர் கட்டுரை வாசித்தார்கள், பேசினார்கள். கூட்டம் நிரம்பி வழிந்தது. ஹன்னா நல்ல பியானோ மாணவி. கார்ல் வோல்ஃப்சோன் என்ற பெயர்பெற்ற ஆசிரியரிடம் பயின்றவர். பழைய யூத வழிபாட்டு மெட்டுகளை ஒன்றுசேர்த்துக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்து, ஜெபாலயப் பாடகர்களான அலோயிஸ் கைசர், வில்லியம் ஸ்பார்கர் இருவரையும் கொண்டு ஒரு தொகுப்பு நூலை அந்த மாநாட்டையொட்டி வெளிவரச் செய்தார். கடைசி நாளில் 29 ஊர்களிலிருந்து வந்திருந்த 93 பெண்கள் கூடி, கலைந்து போகாமல் நிரந்தர அமைப்பாக இருப்பது என்று முடிவெடுத்தார்கள். அதுதான் தேசிய யூத மகளிர் கவுன்சில். ஹன்னா தலைவி, சேடி அமெரிக்கன் செயலாளர். மாநாட்டில் வாசித்த கட்டுரைகளையும் நடந்த விவாதங்களையும் அடுத்த ஆண்டே, 1894-இல், தனி நூலாக அச்சிட்டுவிட்டார்கள். ஆண்களின் குறிப்பிலிருந்து தம் பெயரை நீக்கச் சொன்னவர்கள், தங்கள் குறிப்பைத் தாங்களே எழுதிப் பாதுகாத்தார்கள்.

நகர மையத்திலுள்ள ஹெரால்டு வாஷிங்டன் நூலகத்தில் ஹன்னாவின் தன்வரலாற்றோடு உட்கார்ந்தேன். அவர் 1942-இல் காலமானார். நூல் 1946-இல் வெளிவந்தது. அவர் பிறந்தது 1858 ஜனவரி 14, இதே சிகாகோவில். பத்துக் குழந்தைகளில் நான்காவது. தந்தை மைக்கேல் கிரீன்பாம் ஜெர்மனியிலிருந்து வந்து இரும்புச் சாமான் வியாபாரம் செய்தவர். 1853-இல் தப்பி வந்த ஓர் அடிமையை அரசு அதிகாரி பிடித்தபோது, கூட்டத்தோடு போய் அந்த மனிதரை விடுவித்தவர் அவர். தாய் சாரா, ஏழைகளுக்குத் துணி தைத்துக் கொடுக்க சிகாகோவின் முதல் யூதப் பெண்கள் தையல் சங்கத்தைத் தொடங்கியவர். மகள் பிற்காலத்தில் செய்ததற்கெல்லாம் வித்து அந்த வீட்டிலேயே இருந்தது.

1877-இல் ஹன்னாவுக்கு வயது 19. சிகாகோ மகளிர் மன்றம் தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஹன்னாவையும் அக்கா ஹென்ரியட் ஃபிராங்கையும் மன்றம் சேர்த்துக்கொண்டது. அதன் முதல் யூத உறுப்பினர்கள் இவர்கள் இருவரும்தான். மகளிர் மன்றம் என்றால் பணக்கார வீட்டுப் பெண்கள் தேநீர் குடித்துப் பொழுது போக்கும் இடம் என்ற எண்ணம் அன்றைக்கும் இருந்தது, நம் ஊர் லேடீஸ் கிளப்பைப் பற்றி இன்றைக்கும் இருக்கிறது. அந்த எண்ணம் தவறு என்பதற்கு சிகாகோவே சாட்சி. கல்லூரிக்கும் சட்டசபைக்கும் அலுவலகத்துக்கும் கதவு பெரும்பாலும் அடைத்திருந்த காலத்தில், பெண்கள் ஒரு விஷயத்தைப் படித்துக் கட்டுரை எழுதி, எழுந்து நின்று வாசித்து, எதிர்க்கேள்விக்குப் பதில் சொல்லி, தீர்மானம் போட்டு, கணக்கு வைத்துப் பழகிய இடம் மன்றம்தான். வீட்டில் சமைக்கவும் துணி துவைக்கவும் வேலையாட்கள் இருந்ததால்தான் ஹன்னாவால் இதெல்லாம் முடிந்தது என்பது உண்மை. கிடைத்த ஓய்வை அவர் என்ன செய்தார் என்பதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது.

அதைக் காண ஹால்ஸ்டெட் தெருவுக்குப் போனேன். அந்தப் பகுதி முழுக்க இப்போது இலினாய் பல்கலைக்கழக வளாகம். கான்கிரீட் கட்டடங்களுக்கு நடுவில் செங்கல்லால் கட்டிய ஒரு பழைய மாளிகை நிற்கிறது. 1889-இல் ஜேன் ஆடம்ஸும் எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் குடியேறிய ஹல் ஹவுஸ். ஏழைகள் வாழும் தெருவிலேயே படித்த பெண்கள் வந்து தங்கி, அக்கம்பக்கத்தாருக்கு வகுப்பும் குழந்தைக் காப்பகமும் நடத்திய வீடு. உச்சத்தில் 13 கட்டடங்களாக வளர்ந்தது. 1960-களில் பல்கலைக்கழகத்துக்காக இடித்தபோது இரண்டை மட்டும் விட்டுவைத்தார்கள். மாடியில் ஜேன் ஆடம்ஸின் அறை இருக்கிறது. ஜன்னலோரம் நின்று பார்த்தால், கல்லூரிப் பையை மாட்டிக்கொண்டு வகுப்புக்கு ஓடும் பிள்ளைகள் தெரிகிறார்கள். பல நாட்டு முகங்கள். அவர்களில் நம் ஊர் முகங்களும் உண்டு.

அங்கிருந்து தெற்கே நடந்துபோகும் தூரத்தில் மேக்ஸ்வெல் தெரு. 1881-இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டதை அடுத்து யூதர்கள் மீது தாக்குதல்கள் மூண்டன. உயிருக்குப் பயந்து கப்பலேறியவர்களில் ஆயிரக்கணக்கானோர் வந்து சேர்ந்த தெரு இது. தள்ளுவண்டிக் கடைகள், மரக் குடிசைகள், ஒரே அறையில் குடித்தனமும் தையல் வேலையும். கேட்பதெல்லாம் இத்திஷ் மொழி. இன்றைக்குப் புதிய அடுக்குமாடிக் குடியிருப்புகளும் உணவுக் கடைகளும்தான் இருக்கின்றன. பழைய கடைகளின் முகப்புகள் சிலவற்றை மட்டும் பெயர்த்தெடுத்துப் புதுக் கட்டடங்களில் பதித்து வைத்திருக்கிறார்கள்.

முன்னமே வந்து வசதியாக வாழ்ந்த ஜெர்மன் யூதர்களுக்கு இந்தப் புதியவர்களைப் பார்த்தால் கூச்சம் இருந்தது. பேச்சும் உடையும் பழக்கமும் வேறு. உதவி செய்தவர்களிடமும் 'உங்களைத் திருத்துகிறோம்' என்ற தோரணை இருந்தது. மன்றப் பெண்களிடமும் இந்தக் குறை உண்டு; மறைக்க வேண்டியதில்லை. ஹன்னா செய்தது என்னவென்றால், முதலில் மேக்ஸ்வெல் தெரு இருந்த வார்டில் வீடு வீடாக நிலைமையைக் கணக்கெடுக்க ஏற்பாடு செய்தார். அதைக் கொண்டு 1897-இல் ஓர் உதவி அலுவலகத்தைத் தொடங்கினார். தனிநபர் சேவை அலுவலகம் என்று அதன் பெயரைச் சொல்லலாம். வந்தவர்களின் வழக்கைக் கேட்டு, சட்ட உதவி, வேலை, வீடு என்று அவரவர் தேவைக்கு வழிகாட்டும் இடம். அதன் அன்றாடப் பொறுப்பை ஏற்றவர் மின்னி லோ. தள்ளுவண்டிக்காரருக்கும் தையல்காரருக்கும் தானமாகக் கொடுக்காமல், வட்டியில்லாச் சிறு கடன் கொடுக்கும் பெண்கள் சங்கம் ஒன்றும் அவர் முயற்சியால் அதே ஆண்டில் உருவானது. கடன் வாங்கியவர் தலைநிமிர்ந்து திருப்பிக் கட்டுவார் என்ற நம்பிக்கையில் நடந்த வேலை. நம் சுய உதவிக் குழுப் பெண்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஹல் ஹவுஸ் பெண்களும் மகளிர் மன்றத்துப் பெண்களும் சேர்ந்து சாதித்த இன்னொன்று உலகத்துக்கே வழிகாட்டியது. அதுவரை ரொட்டி திருடிய பத்து வயதுப் பையனைக்கூடப் பெரிய குற்றவாளிகளோடு சிறையில் தள்ளினார்கள். மன்றத்தில் லூசி ஃபிளவர், ஜூலியா லாத்ராப் போன்றோர் ஆண்டுக்கணக்கில் போராடி, 1899-இல் சிகாகோவில் அமெரிக்காவின் முதல் சிறுவர் நீதிமன்றம் அமையச் செய்தார்கள். அதற்குத் தோள் கொடுத்தவர்களில் ஹன்னாவும் ஒருவர். சட்டம் வந்துவிட்டது, ஆனால் சிறுவர்களின் வீட்டுக்குப் போய் விசாரித்துக் கவனிக்கும் நன்னடத்தை அதிகாரிகளுக்குச் சம்பளம் தர அரசிடம் ஒதுக்கீடு இல்லை. அந்தச் சம்பளத்தை மகளிர் மன்றங்கள் வசூல் செய்து கொடுத்தன. முதல் அதிகாரிகளில் ஒருவராக மின்னி லோவும் பணியாற்றினார். இன்று நம் நாட்டிலும் சிறுவர் வழக்குகளைத் தனியே விசாரிக்கிறோம் என்றால், அதன் தொடக்கத்தில் மன்றத்துப் பெண்களின் சந்தாப் பணம் இருக்கிறது.

அடுத்து குப்பை. இதைச் சொல்லும்போது எனக்கு உற்சாகம் வந்துவிடுகிறது. அந்தக் காலத்துச் சிகாகோ சந்துகளில் மரத் தொட்டிகள் நிரம்பி வழியும். குப்பை வண்டி வராது. குழந்தைகள் அதிலேயே விளையாடிக் காய்ச்சலில் விழுவார்கள். 1895-இல் ஜேன் ஆடம்ஸ் தன் வார்டுக்குக் குப்பை ஆய்வாளராகவே நியமனம் பெற்று, விடியற்காலையில் எழுந்து வண்டிகளின் பின்னால் போனார். இறைச்சிக் கூடங்களுக்குப் பக்கத்தில் தொழிலாளர் குடியிருப்பு நடுவே, செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளங்களில் ஊர்க் குப்பையைக் கொட்டினார்கள். 1910-இல் நகர மகளிர் மன்றம் என்ற இன்னொரு அமைப்பு தோன்றியபோது, மாநகரத்தின் குப்பை எங்கே போகிறது என்று ஆராயும் பொறுப்பை ஹன்னா ஏற்றார். அப்போது அவருக்கு வயது 52. தரையில் புரளும் வெள்ளை லேஸ் கவுன் அணிந்து, கையில் குடையோடு அவர் குப்பைமேட்டில் நின்று ஆய்வு செய்ததை அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் சொல்லாமல் விடுவதில்லை. விருந்துக்குப் போகும் உடையிலேயே குப்பைமேட்டுக்கும் போனார். இதுவும் கௌரவமான வேலைதான் என்று ஊருக்குச் சொல்ல அதைவிட நல்ல வழி இல்லை.

பெண்களின் வாதம் எளிமையானது. வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பது எங்கள் கடமை என்கிறீர்கள். வாசலுக்கு வெளியே சாக்கடை தேங்கி நின்றால் வீடு எப்படிச் சுத்தமாக இருக்கும்? பால் கெட்டு வந்தால் குழந்தை எப்படிப் பிழைக்கும்? ஆகவே நகரசபையும் எங்கள் வீடுதான். இதை ஏற்காத நகரசபை உறுப்பினர்கள் பல காலம் சிரித்தார்கள். 1913-இல் இலினாய் மாநிலம் பெண்களுக்கு நகராட்சித் தேர்தலில் வாக்குரிமை கொடுத்தது. நகரசபை உடனே குப்பைக்கென்று ஒரு கமிஷன் அமைத்தது. இறைச்சிக் கூடப் பகுதிக்காக உழைத்த மேரி மெக்டவல் அதில் இடம்பெற்றார். ஓட்டு வந்ததும் சிரிப்பு நின்றது.

வடமேற்கே ஓடும் புறநகர் ரயிலில் ஏறி பார்க் ரிட்ஜ் போனேன். அமைதியான, மரங்கள் அடர்ந்த புறநகர். மேப்பிள் இலைகள் செக்கச்செவேல் என்று நடைபாதை முழுக்க உதிர்ந்து கிடந்தன. ஆதரவற்ற பெண் குழந்தைகளுக்காக 1877-இல் தொடங்கிய ஒரு தொழிற்பள்ளி, எவன்ஸ்டன் என்ற ஊரில் இடிந்த கட்டடத்தில் தள்ளாடிக்கொண்டிருந்தது. ஹன்னா அதன் நிர்வாகத்தில் நுழைந்து, சீரமைத்து, பணம் திரட்டி, 1908-இல் பார்க் ரிட்ஜில் புது இடத்துக்குக் கொண்டுவந்தார். ஒரே பெரிய கொட்டடியில் நூறு பேரை அடைக்காமல், தோட்டத்துக்கு நடுவே சிறு சிறு வீடுகளாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் சில பெண்கள் குடும்பம்போல் வாழ ஏற்பாடு. அந்த வளாகம் நூறாண்டுக்கு மேல் குழந்தைகளுக்குப் பயன்பட்டது. இப்போது ஊர்ப் பொதுப் பூங்கா. நான் போன மாலையில் ஊஞ்சல்களில் பிள்ளைகள் கூச்சலிட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஹன்னாவுக்குத் தம் சமூகத்துக்குள்ளும் சண்டை இருந்தது. அவருடைய குடும்பம் சைனாய் சபையைச் சேர்ந்தது. 1861-இல் அது தோன்றக் காரணமானவர்களில் அவர் தந்தையும் ஒருவர். சீர்திருத்தத்தில் மிக முன்னே போன சபை. தொழிலாளரும் வியாபாரிகளும் வர வசதியாக 1874 முதல் ஞாயிற்றுக்கிழமை வழிபாடு நடத்தியது. சனிக்கிழமை ஓய்வுநாள் என்பது யூத மதத்தின் உயிர்நாடி. அதைக் கைவிட்டவர் யூத மகளிருக்குத் தலைமை தாங்கலாமா என்று 1896-இல் நியூயார்க்கில் நடந்த கவுன்சில் மாநாட்டில் எதிர்ப்பு வெடித்தது. ஹன்னா பதற்றப்படவில்லை, தாம் வாரத்தின் எல்லா நாளையும் புனிதமாகவே கொள்வதாகப் பதில் சொன்னார். உறுப்பினர்கள் மீண்டும் அவரையே தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1905-இல் தாமாக விலகும்வரை அவரே தலைவி.

சைனாய் சபை 1912-இல் கட்டிய ஜெபாலயத்தைப் பார்க்க கிரீன் லைன் ரயிலில் போய் இறங்கி, கிங் டிரைவ் சாலைக்கு நடந்தேன். பெரிய கல் கட்டடம். 1960-களிலிருந்து அது மவுண்ட் பிஸ்கா என்ற கறுப்பின பாப்டிஸ்ட் தேவாலயம். உள்ளே இசைப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அடிமையை விடுவித்த மைக்கேல் கிரீன்பாமின் சபை கட்டிய கூரைக்குக் கீழே, விடுதலை பெற்றவர்களின் வம்சம் பாடுவதைக் கேட்டபோது எனக்கு மனம் நிறைந்தது. ஜெபாலய மேடைகளில் ஏறிப் பேசிய முதல் பெண்களில் ஹன்னாவும் ஒருவர்.

1904-இல் பெர்லினில் சர்வதேச மகளிர் கவுன்சில் மாநாடு. பெண்கள் வாக்குரிமைப் போராளியான 84 வயது சூசன் பி. அந்தோனியோடு ஹன்னாவும் அமெரிக்கப் பிரதிநிதியாகப் போனார். ஜெர்மன் மொழி வீட்டிலேயே பேசி வளர்ந்ததால் மற்றவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தார். அந்த மாநாட்டின்போது பெர்த்தா பாப்பன்ஹைம் தலைமையில் ஜெர்மன் யூத மகளிர் சங்கம் பிறந்தது. அதே ஆண்டில் அமெரிக்கக் கவுன்சில், நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவில் தன் பணியாளர்களை நிறுத்தியது. தனியே வந்திறங்கும் இளம்பெண்களைத் தரகர்கள் ஏமாற்றிக் கொண்டுபோய்விடாமல், இத்திஷ் பேசும் பெண்கள் அவர்களை எதிர்கொண்டு அழைத்து, உறவினரிடம் பத்திரமாகச் சேர்ப்பித்தார்கள். ஜெர்மன் சங்கத்தை 1938-இல் நாஜிகள் கலைத்தார்கள். அதற்கு நான்கு ஆண்டு கழித்து, டிசம்பர் 7 அன்று, 84 வயதில் ஹன்னா சிகாகோவில் கண்மூடினார். ஐரோப்பாவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது அப்போது வெளியுலகுக்குத் தெரிய ஆரம்பித்திருந்தது.

ஊர் திரும்புமுன் டெவன் அவென்யூவில் இட்லி சாப்பிடப் போனேன். ஒரு காலத்தில் யூதர்களின் கடைத்தெரு. இப்போது பெரும்பகுதி இந்தியர், பாகிஸ்தானியர் கடைகள். ஒரு முனையில் கோல்டா மேயர் பெயர், இன்னொரு முனையில் காந்தி பெயர். சூடான சாம்பார் வாசனையில் உட்கார்ந்து யோசித்தபோது நினைவுக்கு வந்தது: 1893 செப்டம்பரில் அதே சிகாகோ மகாசபையில் அன்னி பெசன்ட் அம்மையாரும் இருந்தார். அங்கிருந்து திரும்பிய அதே ஆண்டு நவம்பரில் அவர் தூத்துக்குடியில் வந்து இறங்கினார். 1917-இல் அடையாற்றில் மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா முதலியோருடன் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கி அதன் தலைவியானார். அந்தச் சங்கம் பரிந்துரைத்துத்தான் டாக்டர் முத்துலட்சுமி சென்னை சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். தேவதாசி முறை ஒழிப்புக்கான போராட்டம் அங்கே குரல் பெற்றது. அங்கேயும் இங்கேயும் நடந்தது ஒன்றே. பெண்கள் முதலில் ஓர் அறையில் கூடினார்கள், பேசப் பழகினார்கள், பிறகு ஊரை மாற்றினார்கள்.

ஹன்னா சாலமனை இன்று நம்மால் இவ்வளவு விரிவாகத் தெரிந்துகொள்ள முடிகிறது என்றால், அவரும் அவர் தோழிகளும் ஒவ்வொரு கூட்டத்தையும் எழுதி வைத்ததால்தான். கவுன்சிலின் ஆவணங்கள் இன்று வாஷிங்டனில், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. நம் ஊர்களில் மாதர் சங்கங்கள் கட்டிய பள்ளிகளும் பிரசவ விடுதிகளும் நிற்கின்றன. கட்டியவர்கள் யார் என்று கேட்டால் பதில் இல்லை. தீர்மான நோட்டுகள் பழைய காகிதக்காரரிடம் போய்விட்டன, அல்லது ஏதோ ஒரு அலமாரியின் அடித்தட்டில் கரையான் தின்கின்றன. உங்கள் பாட்டியோ பெரியம்மாவோ எந்த மாதர் சங்கத்திலாவது, மகளிர் மன்றத்திலாவது, சுய உதவிக் குழுவிலாவது இருந்திருந்தால், அந்த நோட்டுகளைத் தேடி எடுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் கொண்டுபோய்க் காட்டுங்கள். இப்போது சங்கம் நடத்துகிறவர்கள், அடுத்த கூட்டத்தில் பேசியவர் பெயரையும் அவர் சொன்னதையும் முழுசாக எழுதி வையுங்கள்.